எண்பதுகளின் ரெஸ்லிங்: விழுந்தவரைப் பாருங்கள்

(நம் சங்கத்தின் மாலைச் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் மாலைச் சந்திப்பில் சென்ற முறை முழங்கால் வலி பற்றி ஒரு டாக்டர் பேசினார். அதற்கு முந்தைய முறை உயில் எழுதுவது பற்றி ஒரு வக்கீல் பேசினார். இந்த முறை உங்களுக்கு வாய்த்தது ரெஸ்லிங். தலைப்பைச் சொன்னதும் நம் செயலாளர், "சார், லாக்கர், நாமினேஷன் என்று ஏதாவது பேசக்கூடாதா?" என்று கேட்டார். 38 வருடம் கவுன்ட்டரில் உட்கார்ந்து அதைத்தான் பேசினேன், ஒரே ஒரு நாள் விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அன்று வர முடியாதவர்களும் படிக்கட்டும் என்று செய்திமடலுக்காக எழுதித் தருகிறேன்.

இந்தத் தலைப்புக்குக் காரணம் ஒரு கேள்வி. நம் குடியிருப்புப் பிள்ளைகள் யூடியூபில் எண்பதுகளின் ஆட்டங்களைத் தேடிப் பார்க்கிறார்கள். பார்த்துவிட்டு லிஃப்டில் என்னைப் பிடித்துக் கேட்கிறார்கள்: "தாத்தா, இதெல்லாம் பொய்தானே?"

ஆமாம் என்றாலும் அது அரைப் பதில்தான், இல்லை என்றாலும் அரைப் பதில்தான். முழுப் பதில் இது: யார் ஜெயிப்பது என்பது முன்கூட்டியே முடிவானது. ஆனால் விழுந்தது நிஜம். அந்த ஆட்டங்களை நீங்கள் மறுபடி பார்க்கும்போது ஜெயித்தவரைக் கொஞ்சம் விட்டுவிட்டு, விழுந்தவரைப் பாருங்கள். அப்போதுதான் அது என்ன தொழில் என்று புரியும். இதைச் சொல்லத்தான் வந்தேன்.

முதலில், இது நம் ஊருக்கு எப்படி வந்தது?

மல்யுத்தம் நமக்கு இறக்குமதிச் சரக்கு இல்லை. சோழ இளவரசன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி, ஆமூர் மல்லனை வீழ்த்தியதைப் புறநானூறு பாடுகிறது. பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மனுக்கு மாமல்லன் என்று பட்டம். மகாபலிபுரத்துக்கு மாமல்லபுரம் என்று பெயர் வந்ததே அதிலிருந்துதான். ஆனால் டிக்கெட் போட்டு, போஸ்டர் ஒட்டி, நான்கு பக்கமும் கயிறு கட்டி நடத்தும் 'ஃப்ரீ ஸ்டைல்' குஸ்தி என்றால் நம் தலைமுறைக்கு முதலில் ஞாபகம் வரும் பெயர் தாராசிங். பஞ்சாபில் 1928-ல் பிறந்தவர். ஐம்பதுகளில் கிங்காங்கோடு மோதினார். 1968-ல் பம்பாயில் அமெரிக்காவின் லூ தேஸை வென்றார். தாராசிங்கை நேரில் பார்க்காதவர்கள்கூட, எவனாவது நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தால் "ஆமாம், இவர் பெரிய தாராசிங்!" என்று சொன்னார்கள். ஒரு பஞ்சாபிக்காரர் பெயர் மயிலாப்பூர்த் திண்ணைப் பேச்சில் இப்படி ஒட்டிக்கொண்டது சாதாரண விஷயமா?

அடுத்தது 1980. உலகக் குத்துச்சண்டை வீரர் முகமது அலி மெட்ராஸுக்கே வந்தார். நேரு ஸ்டேடியத்தில் தன் பழைய நண்பர் ஜிம்மி எல்லிஸோடு காட்சிப் போட்டி ஆடினார். அப்போதைய முதல்வர் எம்.ஜி.ஆர். வந்திருந்தார். நான் அப்போது பி.காம். படித்துக்கொண்டிருந்தேன். டிக்கெட்டுக்குக் கையில் காசில்லை, அதனால் பேப்பரில் படம் பார்த்ததோடு சரி. அது காட்சிப் போட்டிதான், யாரும் யாரையும் நாக்-அவுட் செய்யப்போவதில்லை என்று டிக்கெட் வாங்கியவர்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்துதான் போனார்கள். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அதன் பிறகு வந்தது 'டெக்'. இளையவர்களுக்காகச் சொல்கிறேன், வீடியோ கேசட் போடும் பெட்டிக்கு அப்போது அந்தப் பெயர். சொந்தமாக வைத்திருந்தவர்கள் சிலர்தான். மற்றவர்கள் சனிக்கிழமை சாயங்காலம் டி.வி.யும் டெக்கும் வாடகைக்கு எடுப்போம். லஸ், பாண்டி பஜார், அடையாறு பக்கமெல்லாம் வீடியோ லைப்ரரிகள் இருந்தன. மூன்று சினிமாக் கேசட்டோடு ஒரு ரெஸ்லிங் கேசட்டும் வரும். துபாயிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ யாரோ கொண்டுவந்து, பர்மா பஜார் சுற்றி, காப்பிக்குக் காப்பி எடுத்து, நம் கைக்கு வரும்போது படத்தில் பாதி மழை பெய்யும். ஒரு ஹாலில் இருபது பேர் உட்கார்ந்து பார்ப்போம். 1991-க்குப் பிறகு கேபிளில் ஸ்டார் டி.வி. வந்ததும் அந்தக் கூட்டம் கலைந்து, அவரவர் வீட்டில் பார்க்க ஆரம்பித்தோம். நம் பிள்ளைகள் ட்ரம்ப் கார்டு சேர்த்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள்தான் இப்போது லிஃப்டில் கேள்வி கேட்கிறார்கள்.

சரி, கேள்விக்கு வருவோம். பொய்யா?

அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் 1989-ல் டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனியே அதிகாரபூர்வமாகச் சொல்லிவிட்டது: இது போட்டி இல்லை, கேளிக்கை நிகழ்ச்சி. மனச்சாட்சி உறுத்தி அப்படிச் சொல்லவில்லை. விளையாட்டுப் போட்டி என்றால் அரசு ஆணையத்தின் கட்டுப்பாடு உண்டு, வரி உண்டு. கேளிக்கை என்றால் அந்தச் செலவு மிச்சம். எத்தனையோ வருடம் கட்டிக்காத்த ரகசியத்தை ஒரு வரிச் சலுகைக்காகப் போட்டு உடைத்தார்கள். வணிகவியல் படித்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

அப்படியானால் நிஜச் சண்டையே நடத்தியிருக்கலாமே என்று கேட்பீர்கள். ஒருமுறை நடத்திப் பார்த்தார்கள். 1976 ஜூனில் டோக்கியோவில் இதே முகமது அலி, ஜப்பானிய மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோகியோடு மோதினார். யார் ஜெயிப்பது என்று எழுதிவைக்காத சண்டை. என்ன நடந்தது தெரியுமா? அலியின் குத்துக்குப் பயந்து இனோகி பெரும்பாலும் தரையில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு அலியின் காலை உதைத்துக்கொண்டே இருந்தார். அலி சுற்றிச் சுற்றி வந்தார். இப்படியே 15 ரவுண்டு. கடைசியில் டிரா. அலியின் கால் வீங்கிப்போனது. பார்த்தவர்களுக்குக் கொட்டாவி. நிஜம் எப்போதும் சுவாரசியமாக இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை.

முடிவு தெரிந்த சண்டையை ரசிப்பது நமக்குப் புதிதும் இல்லை. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் திரௌபதி அம்மன் திருவிழாவில் படுகளம் பார்த்திருக்கிறீர்களா? மண்ணால் பிரம்மாண்டமான துரியோதனன் உருவம் செய்து படுக்கவைத்திருப்பார்கள். கூத்தில் பீமனும் துரியோதனனும் கதை எடுத்துச் சண்டை போடுவார்கள். துரியோதனன் தோற்பான் என்று ஊரில் தெரியாத குழந்தை கிடையாது. கதாயுத்தத்தில் தொடையில் அடிப்பது விதிமீறல் என்பதும் தெரியும். கிருஷ்ணர் சைகை காட்டுவார் என்பதும் தெரியும். இருந்தும் அடி விழும் நேரத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். இன்னும் கிட்டத்தில் சொல்வதென்றால், மெகா சீரியல் மாமியாரை டி.வி. முன்னால் உட்கார்ந்து திட்டாத வீடு நம் பிளாக்கில் எது? அது நடிப்பு என்று தெரியாமலா திட்டுகிறோம்?

ஆகவே ஏமாந்தோமா இல்லையா என்பதை ஒதுக்கிவையுங்கள். வேலையைப் பார்ப்போம்.

ரிங் என்பது மெத்தை இல்லை. இரும்புச் சட்டம், அதன் மேல் மரப்பலகை, மேலே மெல்லிய ஃபோம், அதற்கு மேல் கான்வாஸ். அவ்வளவுதான். அதில் விழுவதற்குத் தனிப் பயிற்சி. முகவாயை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் பின்மண்டை அடிபடும். முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படவேண்டும். இரண்டு கையாலும் தரையை அறைந்து அதிர்ச்சியைப் பரப்ப வேண்டும். ஒரு ஆட்டத்தில் இருபது முறை, ஊர் ஊராக, வருடத்தில் பெரும்பாலான நாள் இப்படி விழ வேண்டும்.

தூக்குபவரைப் பார்த்து நாம் கைதட்டுகிறோம். உண்மையில் 130 கிலோ ஆளைத் தூக்கும்போது, தூக்கப்படுபவரும் சரியான நேரத்தில் எம்பிக் கொடுக்கிறார், இடுப்பில் கை ஊன்றிப் பாரத்தைக் குறைக்கிறார். தூக்கியவருக்குப் பதில் பொறுப்பு: அவர் கழுத்து உடையாமல் கீழே சேர்ப்பது. அடிப்பவன் போல ஆடினாலும் அவருடைய முதல் வேலை எதிராளியைக் காப்பாற்றுவதுதான். கழுத்தைப் பிடித்து நெரிப்பது போல இருக்கும்போது காதில் அடுத்த அடி என்ன என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருப்பார். விழுபவர் வலியைக் கடைசி வரிசைக்கும் தெரியும்படி காட்ட வேண்டும். அவர் காட்டாவிட்டால் அடித்தவரின் பலம் யாருக்கும் தெரியாது.

கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்கிறேன். ஒவ்வொரு வரவுக்கும் ஒரு பற்று உண்டு. ஒருவருக்கு வெற்றி வரவு வைத்தால், வேறொருவர் கணக்கில் பற்று எழுதியாக வேண்டும். நாம் பாஸ்புக்கின் ஒரு பக்கத்தை மட்டும் படித்துக்கொண்டிருந்தோம்.

இப்போது மூன்று ஆட்டங்களைச் சொல்கிறேன். மூன்றும் தேடினால் கிடைக்கும்.

முதலாவது, 1984 ஜனவரி 23, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டன். ஹல்க் ஹோகன், அயர்ன் ஷேக் என்பவரைத் தோற்கடித்துப் பட்டம் வாங்குகிறார். ஆறு நிமிடம்கூட ஆகாத ஆட்டம். ஷேக் ஈரான்காரர். அப்போது அமெரிக்காவுக்கும் ஈரானுக்கும் ஆகாது, அதனால் அவர் வில்லன். அரங்கமே அவரைப் பார்த்துக் கத்துகிறது. ஆனால் அவர் யார்? முறையான மல்யுத்தம் கற்றவர். 1972 ஒலிம்பிக்குக்குப் போன அமெரிக்க அணிக்கே உதவிப் பயிற்சியாளராக இருந்தவர். ஹோகன் அதற்கு முன் இசைக்குழுக்களில் கிட்டார் வாசித்தவர். நிஜமாக மோதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். வேறொரு கம்பெனி முதலாளி, ஹோகனின் காலை உடைத்துவிட்டு வந்தால் பெரிய தொகை தருவதாகச் சொன்னதாகவும், தான் மறுத்ததாகவும் ஷேக் பிற்காலத்துப் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். விஷயம் தெரிந்த ஒருவர், ஒப்புக்கொண்டபடி தோற்றுக் கொடுத்தார். எண்பதுகளின் ஹோகன் அலை முழுவதும் அந்த ஆறு நிமிடத்திலிருந்து கிளம்பியது. அடுத்த வருடம், 1985 மார்ச் 31-ல் முதல் ரெஸ்ல்மேனியா. அதில் நடுவர்களில் ஒருவராக வந்து நின்றவர் யார் தெரியுமா? நம் நேரு ஸ்டேடியத்துக்கு வந்த அதே முகமது அலி.

இரண்டாவது, 1987 மார்ச் 29, மூன்றாவது ரெஸ்ல்மேனியா. ராண்டி சாவேஜும் ரிக்கி ஸ்டீம்போட்டும் ஆடியது. பதினைந்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மூச்சுவிட நேரம் கொடுக்காத ஆட்டம். சாவேஜ் எல்லாவற்றையும் முன்கூட்டியே எழுதி வைப்பவர். ஒவ்வொரு பிடிக்கும் ஒரு எண் போட்டு, இருவரும் ஒருவரை ஒருவர் பரீட்சை வைத்து மனப்பாடம் செய்திருக்கிறார்கள். இதே ஸ்டீம்போட் 1989-ல் ரிக் ஃப்ளேரோடு நியூ ஆர்லியன்ஸில் ஆடியதையும் சேர்த்துப் பாருங்கள். 55 நிமிடம் போகும். அதில் பெரும்பகுதி ரிங்கிலேயே, கூட்டத்தின் சத்தத்தைக் கேட்டு, அந்தந்த நேரத்தில் முடிவு செய்து ஆடியது. நம் மயிலாப்பூர்க்காரர்களுக்கு ஒரே வார்த்தையில் புரியும். முதலாவது, பாடாந்தரம் பிசகாமல் பாடிய கிருதி. இரண்டாவது, ராகம் தானம் பல்லவி. ஒருவர் கற்பனை செய்ய, மற்றவர் கூடவே போகத் தெரிந்திருந்தால்தான் அது நடக்கும். 1987 ஆட்டத்தில் தோற்றவர் சாவேஜ். அதை நுணுக்கமாகத் திட்டம் போட்டவரும் அவர்தான். தன் தோல்வியை இவ்வளவு சிரத்தையோடு தயார் செய்த ஒருவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

மூன்றாவது, அதே நாள், அதே அரங்கம். ஹோகனும் ஆந்த்ரே தி ஜயன்ட்டும். அரங்கில் 93,173 பேர் என்று அறிவித்தார்கள். அந்தக் கணக்கு டேலி ஆகவில்லை என்று இன்றும் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஆந்த்ரேவை இதுவரை யாரும் தூக்கிப் போட்டதில்லை என்று விளம்பரம் செய்தார்கள். அதுவும் சரியில்லை, 1980-லேயே ஹோகன் ஒருமுறை தூக்கியிருக்கிறார். விளம்பரத்தை விடுங்கள். ஆந்த்ரேவைப் பாருங்கள்.

அவர் பிரான்ஸ் நாட்டுக்காரர். ஏழடிக்கு மேல் உயரம். வளர்ச்சி ஹார்மோன் அளவுக்கு மீறிச் சுரக்கும் நோயால் வந்த உடம்பு அது. 40 வயதிலேயே மூட்டுகளும் முதுகெலும்பும் தேய்ந்து, முதுகில் ஆபரேஷன் ஆகியிருந்தது. ஆடைக்குள் முதுகுக்கு இறுக்கமான பட்டை கட்டிக்கொண்டு வந்தார். அதைத் தெரிந்துகொண்டு அந்த ஆட்டத்தைப் பாருங்கள். அவர் அதிகம் நகர்வதில்லை. கயிற்றைப் பிடித்துக்கொள்கிறார். அப்புறம் ஹோகன் அவரைத் தூக்குகிறார். அந்த ஒரு நொடியில் உலகமே ஹோகனின் கையைப் பார்த்தது. அந்த முதுகோடு, கீழே விழச் சம்மதித்து மேலே போனவர் ஆந்த்ரே. அவர் சம்மதிக்கவில்லை என்றால் எந்த ஹோகனும் அவரை அசைத்திருக்க முடியாது. தன் இடத்தை அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போக ஒரு மனசு வேண்டும். பணிமூப்புப் பட்டியலில் ஒரு இடம் கீழே போனதற்கே நாம் எத்தனை மனு எழுதினோம்!

இந்த இடத்தில் ஒரு பொருத்தம். அதே 1987-ல், ஜனவரி 25 முதல், ஞாயிறு காலைகளில் தூர்தர்ஷனில் ராமாயணம் வந்தது. இந்தி ஒரு வார்த்தை தெரியாத வீடுகளில்கூட பார்த்தோம். அதில் அனுமனாக வந்தவர் நம் தாராசிங். 1983-ல் குஸ்தியிலிருந்து ஓய்வு பெற்று, அறுபதை நெருங்கும் வயதில் கதை ஏந்தினார். வடநாட்டில் அவர் படத்தை வைத்துக் கும்பிட்டவர்களே உண்டு. குஸ்திக்காரர் எப்படி நடிகரானார் என்று அப்போது கேட்டவர்கள் இருந்தார்கள். ஆயிரக்கணக்கான பேர் முன்னால், கடைசி வரிசைவரை தெரியும்படி கோபத்தையும் வலியையும் காட்டிப் பழகியவருக்கு அது புதுத் தொழிலா என்ன?

தாராசிங் 83 வயதுவரை இருந்து 2012-ல் காலமானார். நாடாளுமன்ற மாநிலங்களவையிலும் உட்கார்ந்தார். நல்ல முடிவு. மற்றவர்களுக்கு அப்படி அமையவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் என் பேச்சு பாதிக் கணக்குதான்.

ஆந்த்ரே 1993-ல் இறந்தார், வயது 46. ரிக் ரூட் 1999-ல், 40. டேவி பாய் ஸ்மித் 2002-ல், 39. சாவேஜின் மனைவியாக நாம் பார்த்த மிஸ் எலிசபெத் 2003-ல், 42. சாவேஜ் 2011-ல், 58. ரோடி பைப்பர் 2015-ல், 61. ஹல்க் ஹோகன் 71 வயதுவரை இருந்து 2025 ஜூலையில் போனார். டைனமைட் கிட் என்று ஒரு ஆங்கிலேயர், என்னைவிட ஒரு வயது மூத்தவர். 1986 கடைசியில் முதுகில் பலத்த அடி. 1987 ஜனவரியில், நடக்கவே முடியாத நிலையில், கூட்டாளி தாங்கிப் பிடிக்க ரிங்குக்கு வந்து, முறைப்படி பட்டத்தைத் தோற்றுக் கொடுத்துவிட்டுப் போனார். கடைசிக் காலம் சக்கர நாற்காலியில் கழிந்தது. 2018-ல் 60 வயதில் இறந்தார்.

எல்லாவற்றுக்கும் ஒரே காரணம் சொல்ல முடியாது. ஆனால் வலி மாத்திரை, போதை, உடம்பை ஊதிக் காட்ட ஸ்டீராய்டு, இவை அந்தத் தொழிலில் சர்வசாதாரணமாக இருந்தன. 1991-ல் வீரர்களுக்கு ஸ்டீராய்டு விற்ற ஒரு டாக்டருக்குப் பென்சில்வேனியாவில் தண்டனை கிடைத்தது. 1994-ல் கம்பெனி முதலாளி மீது நடந்த வழக்கில் அவர் விடுதலையானார். அந்த வழக்கில் தான் ஸ்டீராய்டு எடுத்ததை ஹோகன் சாட்சிக் கூண்டில் ஒப்புக்கொண்டார்.

இன்னொரு விஷயம், யூனியன்காரனான எனக்கு உறைத்தது. இந்த வீரர்கள் கம்பெனியின் ஊழியர்களே இல்லை. 'தனி ஒப்பந்தக்காரர்கள்' என்று கணக்கு. எங்கே, எப்போது, எப்படித் தோற்க வேண்டும் என்பதைக் கம்பெனி சொல்லும். ஓய்வூதியம் மட்டும் கேட்கக்கூடாது. 1986-ல் ஜெஸ்ஸி வென்ச்சுரா என்பவர், நாமெல்லாம் சங்கம் சேரலாம் என்று உடை மாற்றும் அறையில் பேசிப் பார்த்தார். விஷயம் உடனே முதலாளி காதுக்குப் போய்விட்டது. சொன்னவர் ஹோகன் என்பது பிறகு தன் நீதிமன்ற வழக்கில் வெளிவந்ததாக வென்ச்சுரா சொல்லியிருக்கிறார். சங்கம் அமையவில்லை. வென்ச்சுரா பிறகு மின்னசோட்டா மாநில ஆளுநரே ஆனார், ஆனால் அந்தச் சங்கம் இன்றுவரை அமையவில்லை. வங்கி ஊழியர்களான எங்களுக்கு ஓய்வூதியம் 1993 அக்டோபரில் ஒப்பந்தமாகி 1995-ல் விதியாக வந்தது. சங்கம் இருந்ததால் வந்தது. ஒன்றாம் தேதி என் கணக்கில் பென்ஷன் ஏறும்போது, சில மாதம் எனக்கு டைனமைட் கிட் ஞாபகம் வருவது உண்டு. அவர் பெயரைச் சொல்லிக் கத்தின கூட்டத்தில் நானும் ஒருவன்தானே.

இதிலிருந்து நமக்கு என்ன? இரண்டு விஷயம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, பிள்ளைகளுக்கு. இந்தப் பிடிகளை மொட்டை மாடியிலோ சோஃபாவிலோ செய்து பார்க்காதீர்கள். "அதான் பொய்யாச்சே தாத்தா" என்று சொல்லாதீர்கள். பொய் என்பதால்தான் ஆபத்து. அங்கே விழுபவருக்கு விழத் தெரியும், தூக்குபவருக்குக் காப்பாற்றத் தெரியும். உன் தம்பிக்கு முகவாயை நெஞ்சோடு ஒட்டத் தெரியாது. நம் வீட்டில் கீழே இருப்பது வெட்ரிஃபைடு டைல்ஸ். கழுத்து எலும்புக்கு ரீ-டேக் கிடையாது.

இரண்டு, பெரியவர்களுக்கு. நம் கேட்டில் இரவு முழுவதும் நிற்பவர்களும், காலையில் படிக்கட்டு துடைப்பவர்களும் ஏஜென்சி மூலம் வரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஏஜென்சிக்கு மாதாமாதம் பணம் கொடுத்துவிடுகிறோம். அவர்கள் பெயரில் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கட்டிய சலானையும் பில்லோடு சேர்த்துக் கேட்டு வாங்க வேண்டும் என்று அன்று கூட்டத்தில் சொன்னேன். சலானில் பேர் இருக்கிறதா, தொகை சரியா என்று சரிபார்க்க ஆள் வேண்டுமென்றால் நான் இருக்கிறேன். அந்த வேலை எனக்குப் பழக்கம்தான். பொருளாளர் தலையாட்டினார். அதையும் இங்கே எழுத்தில் பதிந்துவைக்கிறேன்.

கூட்டம் முடிந்ததும் சி பிளாக் மாமி ஒருவர் கேட்டார்: "இவ்வளவு தெரிந்த பிறகு அந்த ஆட்டத்தை உங்களால் ரசிக்க முடிகிறதா?" முடிகிறது. முன்பைவிட அதிகமாக. அப்போது ஹோகன் கையைக் காதில் வைத்துக் கூட்டத்தின் சத்தத்தைக் கேட்பதைப் பார்த்தேன். இப்போது அதே காட்சியில், பின்னால் தரையில் கிடப்பவர் மெல்லத் தலையைத் திருப்பி நேரம் பார்ப்பதும், எழுந்திருக்கச் சரியான நொடிக்குக் காத்திருப்பதும் தெரிகிறது.

சமுதாயக் கூடத்து புரொஜெக்டரில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் சாவேஜ், ஸ்டீம்போட் ஆட்டத்தைப் போட்டுப் பார்க்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். பதினைந்து நிமிடம்தான், சுண்டல் ஆறுவதற்குள் முடிந்துவிடும். தேதி அறிவிப்புப் பலகையில் வரும். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாருங்கள்.